நூல் சென்ற வழியே நாமும் செல்வோம்

பங்குனி பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துச் சுவர்களில் யாத்திரை விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. காசி, கயை, பிரயாகை, டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், காஷ்மீரம், மைசூர், உதகை, கேரளத்து உப்பங்கழிகள் என்று பாரத தேசம் முழுவதையும் ஒன்பது நாட்களுக்கும் பத்து நாட்களுக்குமாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். ‘தென்னாட்டுச் சாப்பாடு உண்டு’ என்ற ஒரு வரி மட்டும் எல்லா விளம்பரங்களிலும் தவறாமல் இடம் பெறுகிறது. தாஜ்மகாலைக் காட்டிலும் அந்த ஒரு வரியே நம்மவர்களை அதிகமாக இழுக்கிறது என்பது நமது எண்ணம்.

இதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஊர் விட்டு ஊர் சென்று பார்ப்பது நல்லது. பாஷை தெரியாத சந்தையில் விரலைக் காட்டி விலை பேசுகிறவனுக்கும், இமயத்துப் பனியை ஒரு முறை கையில் அள்ளிப் பார்த்த பெண்ணுக்கும், இத்தேசம் எவ்வளவு பெரியது என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். நாம் கேட்க விரும்புபவை இரண்டே கேள்விகள். யாத்திரை செல்வோர் அங்கங்கே வாங்கும் துணிக்கும் பண்டத்துக்கும் கொடுக்கும் பணம் யார் கையைச் சேர்கிறது? நெய்வோரும் பயிரிடுவோருமாகிய நமது அங்கத்தினர்களில் எத்தனை பேருக்கு இந்த யாத்திரைகளில் இடம் கிடைக்கிறது?

இரண்டாவது கேள்வி நம் வட்டாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே உறைக்க வேண்டும். தென்னாட்டின் முதல் இருப்புப் பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டபோது, அது நம் அம்பத்தூர், ஆவடி மண்ணின் மீதுதான் ஓடிற்று. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு திறந்து வைத்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை நமக்கு அண்டை வீடு. காசிக்குப் போகிறவனும் ஜகந்நாதத்துக்குப் போகிறவனும் ஏறி அமரும் பெட்டிகளில் பெரும் பகுதி அங்கே செய்யப்பட்டவை. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டில்லிக்கும் காசிக்கும் இடையே ஓடத் தொடங்கிய முதல் ‘வந்தே பாரத்’ வண்டியும் அங்கே உருவானதே. தேசம் பயணம் செய்வதற்கு வேண்டிய பெட்டியை நம் பக்கத்தில் செய்து கொடுக்கிறோம். ஆனால் நம் நெசவாளி தறிக்குழியை விட்டு எழுந்து அந்தப் பெட்டியில் ஏறுவது, பெரும்பாலும் கடன் வாங்கிக் காசிக்குப் பிதிர்க் கடன் தீர்க்கச் செல்லும் ஒரே ஒரு தடவைதான்.

வேடிக்கை என்னவென்றால், அவன் கையிலுள்ள நூல் அவனைவிட நெடுந்தூரம் பிரயாணம் செய்திருக்கிறது. காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் பட்டு கர்நாடகத்து மல்பெரித் தோட்டங்களிலிருந்து வருகிறது. அதன் சரிகை கூர்ஜர நாட்டுச் சூரத்திலிருந்து வருகிறது. அதே கர்நாடகப் பட்டு வடக்கே காசிக்கும் சென்று அங்குள்ள தறிகளில் ஏறுகிறது. ஆக, காஞ்சி நெசவாளியும் காசி நெசவாளியும் ஒரே கூட்டுப் புழுவின் இழையைப் பங்கிட்டுக் கொண்டவர்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நூல் நாடெல்லாம் சுற்றுகிறது. பருத்தி விளைவித்தவனும் பட்டு நெய்தவனும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

முன்காலத்து யாத்திரை இவ்விதம் இருக்கவில்லை. அதில் தொழிலும் பக்தியும் கைகோத்து நடந்தன. பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகளை நம்மில் அறியாதார் இல்லை. தம் ஊர் நந்தவனத்து மலர்களைத் தொடுத்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சாத்தி, ஆலவட்டக் கைங்கரியம் செய்தவர் அவர். ஸ்ரீ ராமாநுஜர் ஆசாரியராக மதித்த பெரியவர். பக்தர்கள் அவரைப் பக்தராகவே நினைக்கட்டும். பூ விவசாயிகளாகிய நாம் அவரை நம்மில் ஒருவராகவும் நினைப்பதில் அபசாரம் ஒன்றும் இல்லை. விளைந்த பொருளைத் தாமே சுமந்து, அது எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டவர் அவர். இடையில் தரகர் எவரும் இருக்கவில்லை. இன்று பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அந்தப் பெருஞ்சாலையில் ஓடும் சுற்றுலா வண்டிகளை எண்ணி முடியாது. அவ்வண்டிகளில் இருப்பவர்களுக்கும் நமக்கும் இடையேதான் தரகர்கள் பலர் வந்து நிற்கிறார்கள்.

அது எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். யாத்திரைக் கோஷ்டி ஒன்று கோவில் வாசலில் வந்து இறங்குகிறது. தரிசனம் முடிந்தவுடன் வழிகாட்டியோ வண்டியோட்டியோ, ‘இவ்வூருக்கு வந்து பட்டு வாங்காமல் போகலாமா? நெசவாளர் வீட்டிலேயே வாங்கித் தருகிறேன்’ என்கிறார். அவர் அழைத்துச் செல்லுமிடத்தில் காட்சிக்காக ஒரு தறி வைத்திருப்பார்கள். அதில் ஒருவர் அமர்ந்து நாடாவை இரண்டு தரம் ஓட்டிக் காட்டுவார். பக்கத்து அறையில் அடுக்கியிருப்பவை வேறெங்கோ விசைத்தறியில் ஓடியவை. பெயர்ப் பலகையைப் பார்த்தால் கூட்டுறவுச் சங்கமோ என்று மயங்கும்படி எழுதியிருக்கும். விலையில் ஒரு கணிசமான பங்கு அழைத்து வந்தவருக்குப் போய்விடும். காசியிலும் இதே கதை, ஸ்ரீநகரிலும் இதே கதை. காசியில் விசைத்தறிச் சேலை கைத்தறி என்று விலை போகிறது. காஷ்மீரத்தில் யந்திரத்தில் நூற்ற கலப்புக் கம்பளி, பெண்கள் கையால் நூற்ற பஷ்மினா என்று விலை போகிறது. பனாரஸ் சேலைக்கும் காஷ்மீரப் பஷ்மினாவுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு பெற்றுத் தந்திருக்கிறார்கள். சட்டமும் இருக்கிறது: 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி இன்று 11 வகைத் துணிகளைச் சில குறிப்பிட்ட அமைப்புகளில் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம். 2006-ஆம் ஆண்டு முதல் கைத்தறி முத்திரையும் நடைமுறையில் உள்ளது. இத்தனை காவல் இருந்தும் யாத்ரீகன் ஏமாறுவது ஏன்? அவன் அந்த ஊரில் இருப்பது நான்கு மணி நேரம். முத்திரையைத் தேடிப் பார்க்க அவனுக்கு அவகாசமும் இல்லை, பழக்கமும் இல்லை.

இங்கேதான் நம்மவர்கள் உதவ முடியும். தறியில் அமர்ந்து பழகிய கண்ணை எந்தத் தரகராலும் எளிதில் ஏமாற்ற முடியாது. கோர்வைச் சேலையின் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டுப் பூட்டிக்கொள்ளும் இடத்தை அது பின்புறம் திருப்பிப் பார்க்கும். பிட்னியில் முந்தானைப் பாவு உடற்பாவோடு சேரும் இடத்தைத் தடவிப் பார்க்கும். நெய்யும்போது துணியை விரித்துப் பிடிக்கும் கம்பின் ஊசித் துளைகள் கரையோரத்தில் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கும். ஒரு யாத்திரைக் கோஷ்டியில் நெசவுக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் இருந்தால், உடன் வரும் நாற்பது பேருடைய பணமும் காப்பாற்றப்படும்; அவ்வூரின் உண்மையான நெசவாளிக்கும் நாலு காசு சேரும்.

காஞ்சிபுரத்திலேயே நம் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறோம். நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை நீரிலிருந்து எழுந்தருளும் அத்திவரதர் 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் 48 நாட்கள் தரிசனம் தந்தார். ஒரு கோடிப் பேர் அளவில் வந்து சென்றதாகக் கணக்கிட்டார்கள். பூவிருந்தவல்லிச் சாலையில் வண்டிகள் எறும்பு வரிசையாய் நின்றதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். பல மணி நேரம் வரிசையில் நின்று, சில நொடி தரிசித்து, தண்ணீர்ப் புட்டியையும் செருப்பையும் தெருவில் விட்டுவிட்டு மக்கள் திரும்பினார்கள். தரிசனத்துக்காக வந்தவர்கள் தரிசனம் பெற்றுப் போனார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தெருக்களுக்கு அடுத்த தெருக்களில்தான் தறிகள் இருக்கின்றன. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு தறியைக் கூடக் காணாமல் திரும்பினார்கள். அடுத்த தரிசனம் 2059-ஆம் ஆண்டில். அப்போது காட்டுவதற்கு அத்தெருக்களில் தறி இருக்குமா என்பது, இடைப்பட்ட ஆண்டுகளில் சாதாரண நாட்களில் வரும் யாத்ரீகர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

வழி இல்லாமல் இல்லை. நன்றாகச் செய்து காட்டிய ஊர்கள் இத்தேசத்தில் இருக்கின்றன. தெலங்கானத்தில் ஹைதராபாத்துக்கு அருகே போச்சம்பள்ளி என்ற ஊர். 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி ஆசாரிய விநோபா பாவேக்கு நூறு ஏக்கர் நிலம் தானமாகக் கிடைத்து, பூதான இயக்கம் பிறந்தது அங்கேதான். பயிரிடுவோருக்கு அது ஒரு க்ஷேத்திரம். நூலைக் கட்டிச் சாயம் தோய்த்து நெய்யும் இகத் துணிக்கும் அதுவே பெயர் பெற்ற ஊர். ஆகவே நெசவாளருக்கும் க்ஷேத்திரம். ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா நிறுவனம் 2021-ஆம் ஆண்டு அதைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. கோட்டையோ அரண்மனையோ அங்கு இல்லை. வந்தவர்கள் பார்ப்பது பாவு கட்டுவதையும் சாயம் தோய்ப்பதையும்தான்.

கேரளத்துச் சேந்தமங்கலத்தின் கதை இன்னும் சிறப்பானது. எர்ணாகுளம் ஜில்லாவில் பரவூருக்கு அருகேயுள்ள இந்த ஊரின் கைத்தறிச் சங்கங்கள் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் மூழ்கின. ஓணப் பண்டிகை விற்பனைக்காக நெய்து அடுக்கிய வேட்டிகளும் சேலைகளும் சேற்றில் ஊறிப் போயின. தறிகள் சிதைந்தன, நூல் அழுகிற்று. பண்டிகைச் சரக்கை இழந்த சங்கத்தின் நிலை என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கறை படிந்த துணியைக் கொளுத்திவிடாமல் சலவை செய்து, சிறு சிறு துண்டுகளாக்கி, ஒரு பொம்மை செய்தார்கள். ‘சேக்குட்டி’ என்று பெயரிட்டார்கள். சேற்றில் பிறந்த குழந்தை என்று கொள்ளலாம். ஒரு பொம்மையின் விலை 25 ரூபாய். வெள்ளக் கறையை மறைக்காமல் அப்படியே விட்டார்கள். ஊர் ஊராய்த் தன்னார்வலர்கள் கூடி உட்கார்ந்து செய்தார்கள். வெளி நாடுகளுக்கும் அது சென்றது. அந்தப் பணம் சங்கத்துக்கு வந்தது, தறிகள் மீண்டும் ஓடின. யாத்ரீகன் வாங்கிச் செல்லும் சிறு ஞாபகப் பொருளில் இத்தனை வலிமை இருக்கக்கூடும் என்று அதற்கு முன் சொல்லியிருந்தால், நமது நிர்வாகக் குழுக்களில் சிரித்திருப்பார்கள்.

பயிரிடுவோர் தங்களை மறந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு ஆக்ராவிலிருந்து திரும்புகிறவர் எவரும் ‘பேட்டா’ என்ற மிட்டாய்ப் பெட்டி இல்லாமல் வருவதில்லை. அது வேறொன்றுமில்லை, நாம் திருஷ்டி கழிக்க உடைக்கும் சாம்பல் பூசணியைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்துச் சர்க்கரைப் பாகில் காய்ச்சியது. ஷாஜகான் கட்டிய சமாதியைப் பார்க்க வருகிறவர்களால் பூசணிக் கொடி வைத்தவன் பிழைக்கிறான். நீலகிரியிலும் ஓர் ஏற்பாடு உண்டு. அங்குள்ள சிறு தேயிலை விவசாயிகளுக்கு 16 தொழிற்கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றின் இணையமான இன்ட்கோசர்வ் 1965-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. உதகைக்குச் செல்லும் நம்மவர்கள் தாவரப் பூங்காவையும் படகுத் துறையையும் பார்த்துவிட்டு, வழியில் கண்ட ஏதோ ஒரு கடையில் ‘ஒரிஜினல் நீலகிரி டீ’ என்று எழுதிய பொட்டலத்தை வாங்கி வருகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினரே கூட்டுறவுத் தேயிலையை விசாரித்து வாங்குவதில்லை என்றால், நம் துணியைப் பிறர் விசாரித்து வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

எனினும் யாத்ரீகர்களையே நம்பித் தொழிலை நடத்தலாம் என்று நாம் ஒருநாளும் சொல்ல மாட்டோம். அது எந்த நேரத்திலும் வற்றக்கூடிய ஊற்று. 2020-ஆம் ஆண்டு கொள்ளை நோயின்போது ஒரே இரவில் எல்லா வண்டிகளும் நின்றன. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாட்களில் காஷ்மீரத்தில் 48 சுற்றுலா இடங்களை மூடினார்கள். உயிரிழந்தோரின் துயரத்துக்கு முன் வியாபார நஷ்டத்தைப் பேசுவது அழகல்ல. ஆயினும் அந்தப் பள்ளத்தாக்கில் படகுக்காரனும் மட்டக் குதிரைக்காரனும் சால்வை நெய்பவனும் அந்தக் கோடை முழுவதும் என்ன செய்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கூட்டம் மிகுந்தாலும் தொல்லைதான். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இ-பாஸ் பெற்றே வண்டிகள் செல்ல வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. மறு ஆண்டுக் கோடையில் உதகைக்கு நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பே கட்டினார்கள். மலை தாங்காது என்பதற்காகக் கட்டிய வரம்பு அது. ஆகவே நாம் வேண்டுவது பெருங்கூட்டத்தை அல்ல. பொருளை அறிந்து வாங்கும் சிறு கூட்டத்தையே.

நம் வட்டாரத்தில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். அம்பத்தூர் என்றால் 1964-ஆம் ஆண்டு தொடங்கிய தொழிற்பேட்டை, ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலை, பூவிருந்தவல்லி என்றால் பேருந்து மாறும் இடம் என்பதே வெளியார் எண்ணம். நம்மவர் சிலருடைய எண்ணமும் அதுவாகிவிட்டது. 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் தேசம் முழுவதுமிருந்து மக்கள் ஆவடிக்கு வந்து கூடினார்கள். ‘சோஷலிஸ்டு மாதிரிச் சமுதாயம்’ அமைப்பது என்ற காங்கிரஸ் தீர்மானம் இங்கே நிறைவேறிற்று. திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் சந்நிதி இருக்கிறது. தொண்டைமானின் யானைக் காலை முல்லைக் கொடிகள் சுற்றிக்கொண்ட கதையும், கோவிலில் உள்ள எருக்கந் தூண்களும் கேட்பவரை வியக்க வைப்பவை. பௌர்ணமியோடு கூடிய வெள்ளிக்கிழமையில் காலையில் மேலூர்த் திருவுடையம்மனையும், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் நம் கொடியிடையம்மனையும் தரிசிப்பது வழக்கம். யாரும் விளம்பரம் செய்யாமலே நடந்து வரும் யாத்திரை அது. திருமழிசையில் ஆழ்வார் அவதரித்த தலம். திருநின்றவூரில் கல்லும் காசும் இல்லாமல் மனத்திலேயே கோவில் கட்டிய பூசலார் நாயனார் வாழ்ந்தார். அதைக் காணக் காஞ்சியிலிருந்து மன்னனே புறப்பட்டு வந்தானாம். திருவேற்காடும் மாங்காடும் ஆண்டு முழுவதும் கூட்டம் குறையாத இடங்கள்.

இவ்வளவு பேர் நாள்தோறும் நம் வாசலைக் கடந்து செல்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு 2021–22-ஆம் ஆண்டில் வந்த வெளிநாட்டவர் தாஜ்மகாலுக்கு வந்தவரைவிட அதிகம் என்று மத்திய சர்க்காரின் சுற்றுலாக் கணக்கே காட்டிற்று. அங்கிருந்து காஞ்சி செல்வோரில் சிலர் நம் பக்கமும் திரும்பக்கூடும். திருத்தணிப் பக்கத்து அம்மையார்குப்பம் போன்ற நெசவூர்கள் நம் ஜில்லாவிலேயே இருக்கின்றன. மாங்காட்டிலோ திருவேற்காட்டிலோ கோவிலுக்கு அருகே, தறி ஓடும் ஒரு கூடமும், நம் துணியும் நம் பூவும் கீரையும் அரிசியும் சங்க விலைக்குக் கிடைக்கும் ஓர் அங்காடியும் ஏன் இருக்கக் கூடாது? செம்பரம்பாக்கம் ஏரி முன்பு பாசனம் செய்த வயல்களில் பெரும் பகுதி இன்று மனைகளாகிவிட்டன. இன்னும் சில காலம் சென்றால் நம் குழந்தைகளுக்கு நெல் வயலைக் காட்டுவதற்கே ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். இருக்கிற வயலை அதற்குள் காட்டிவிடுவது நல்லது.

இனி நமது யோசனைக்கு வருகிறோம். ஆண்டுக்கு ஒரு முறை, நம் சங்கங்களின் அங்கத்தினர்களில் இருபது பேரைத் தேர்ந்து, நெசவும் பயிரும் சேர்ந்த ஏதேனும் ஓர் ஊருக்கு யாத்திரை அனுப்ப வேண்டும். அழகிய இடங்களையும் புண்ணியத் தலங்களையும் வழியில் பார்க்கட்டும், தடையில்லை. ஆனால் முக்கிய வேலை, அவ்வூர்ச் சங்கத்தில் இரண்டு நாள் தங்கி, அவர்கள் நூலை எங்கே கொள்முதல் செய்கிறார்கள், கூலி என்ன கொடுக்கிறார்கள், வருகிற யாத்ரீகனுக்கு எப்படி விற்கிறார்கள் என்பதைக் கண்டு வருவது. முதல் யாத்திரைக்கு நாம் சேந்தமங்கலத்தையே சிபாரிசு செய்வோம். சென்னையிலிருந்து ஆலுவாய்க்குச் செல்லும் ரயில்கள் நம் ஆவடி வழியாகவே போகின்றன. நெசவாளர் தறிகளைப் பார்க்கையில், விவசாயிகள் அதே ஜில்லாவில் பொக்காளி வயல்களைப் பார்க்கலாம். மழைக் காலத்தில் உவர் நிலத்தில் நெல். அறுவடையானதும் அதே வயலில் இறால். எண்ணூர், பழவேற்காட்டுப் பக்கம் உவர் நிலம் வைத்திருப்போர் அதைக் கட்டாயம் பார்த்து வர வேண்டும். அடுத்த ஆண்டு போச்சம்பள்ளி. அதற்கடுத்து காசி, போகிற வழியில் டில்லிக்கு அருகே சூரஜ்குண்டில் 1987-ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி மாதத்தில் நடந்து வரும் கைவினைச் சந்தையையும் கண்டு, காசி நெசவாளியின் வீட்டில் நம் நெசவாளி ஒரு வேளை அமர்ந்து பேச வேண்டும். பாஷை தெரியாதே என்ற கவலை வேண்டாம். அச்சையும் விழுதையும் தொட்டுக் காட்டினால் போதும். அரை நாளில் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள்.

காலம் பற்றி இரு சாராருக்கும் வாதம் வரும் என்பதை அறிவோம். ஐப்பசி வரை தீபாவளி வேலை, அதன் பிறகு மழை, தையில் அறுவடை. மாசி முதல் வாரமே இருவருக்கும் ஒத்து வரும். அப்போது பொக்காளி வயலில் நெல் இராது, இறாலைத்தான் காணலாம். வடக்கே குளிரும் தணிந்திருக்கும்.

செலவுதான் கடினமான விஷயம். ரயில் கட்டணத்தைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படவில்லை. மாதாமாதம் ஒரு சிறு தொகை செலுத்தும் யாத்திரைச் சேமிப்பில் அது அடங்கிவிடும். நெசவாளிக்குக் கூலி நெய்த அளவுக்கே உண்டு. எட்டு நாள் யாத்திரை என்றால் எட்டு நாள் தறி நிற்கும். சம்பளத்தோடு விடுமுறையும் பயணச் சலுகையும் பெறும் உத்தியோகஸ்தர் காஷ்மீரம் செல்வதற்கும், கூலியை இழந்து நம்மவர் செல்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே. 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி நிகர லாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தி வருகிறோம். வகுப்பறையில் உட்கார வைத்துச் சொல்வது மட்டுமே கல்வி ஆகாது. அந்த நிதியைப் பரிபாலிப்போரிடம் இத்தகைய யாத்திரைகளுக்கு ஒரு பங்கு கேட்பதில் தவறில்லை. அது கிடைக்கும் வரை, நின்ற நாட்களின் கூலியில் பாதியையேனும் சங்கம் கொடுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். லாபமே இல்லாத சங்கம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு, அச்சங்கத்தார் இருவரை மற்றச் சங்கங்கள் தங்கள் செலவில் அழைத்துச் செல்லலாம் என்பதற்கு மேல் இப்போது சொல்ல நம்மிடம் விடை இல்லை.

இன்னும் ஒன்று. இருபது இடங்களில் பத்து பெண்களுக்கு என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். 2019–20-ஆம் ஆண்டு எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி தேசத்தில் கைத்தறித் தொழிலில் உள்ளோர் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். தார் சுற்றுவதும் பாவு தோய்வதும் அவர்கள் கை. நம் வட்டாரத்தில் களை பறிப்பதும் பூத்தொடுப்பதும் அவர்கள் கைதான். எட்டு நாள் வீட்டில் யார் சோறு பொங்குவது என்ற கேள்வி எழும். ஆண்கள் சபரிமலைக்கும் காசிக்கும் போன போதெல்லாம் அடுப்பைக் கவனித்தவர்கள் இருந்தார்கள். இம்முறை ஆண்கள் அதைக் கவனிக்கட்டும்.

இந்த யோசனை வரும் மகாசபைக் கூட்டத்தில் விவாதத்துக்கு வர வேண்டும் என்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். எந்த ஊருக்கு முதலில் செல்லலாம், கூலியில் எவ்வளவு சங்கம் ஏற்கலாம் என்பதைப் பற்றி அங்கத்தினர்கள் தம் கருத்துகளை எழுதியனுப்பினால், மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்து இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.